பாய் சொன்ன மூன்று சூடு

தம்பிகளே, முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டில் நோயாளி பேரும், எத்தனை நிமிஷம் என்பதும்தான். என் வரி மேலே ஏறும், கீழே இறங்கும். பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். தப்பு இருக்கும் இடத்தில் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். சிரிக்கவும் செய்யலாம்.

போன மாதம் எனக்குப் பிரிவு உபசாரம் வைத்தீர்கள். மாலை போட்டு, "அண்ணே, உங்க அனுபவத்த ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று எழுப்பி நிறுத்தினீர்கள். நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரியும். மாலையைச் சரிசெய்தேன், சோடாவைக் குடித்தேன், உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐம்பத்திரண்டு வயதாகியும் அது போகவில்லை. மீட்டர் ஊசி ரெண்டாகத் தெரிய ஆரம்பித்ததால் வேலையை விட்டேன். சொல்ல விஷயம் இல்லாமல் விடவில்லை. அன்றைக்கு விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

மெஷினை எப்படித் துடைப்பது, ஒயரை எப்படிச் சுருட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை டாக்டரம்மா உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். நான் எழுதுவது ஒரே ஒரு நோயாளியைப் பற்றி, அவருக்கு நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. பயத்திலா சந்தோஷத்திலா என்று கேட்டால் ரெண்டும்தான். சந்தோஷம் கொஞ்சம் கூடுதல்.

தாடிக்கொம்பிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து, வார்டு கூட்டி, ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். டாக்டரம்மா வெளியூரில் கதிர் வைத்தியம் படித்துவிட்டு நம் ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில், மெஷின் அறைக்கு ஒரு ஆள் கேட்டார். "வளவளன்னு பேசாத ஆளா இருக்கணும்" என்றாராம். ஆஸ்பத்திரியே சேர்ந்து என்னைக் கைகாட்டிவிட்டது. அவரிடம் நான் பேசியது எல்லாம் ஒரே வார்த்தை: "சரிங்கம்மா."

இப்போது ஆறு வருஷம் இருக்கும். ஒரு நாள் காலையில் டாக்டரம்மா மூட்டுவலிக்காரர்களுக்கு வைக்கிற சூட்டு மெஷினைக் கதிர் அறைக்குப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"புற்று எலும்புக்குப் போயிட்டா வர்ற வலி இருக்கே, அதுக்குக் கதிர் கொடுத்தா அடங்குது. அதுக்குச் சரியா முன்னாடி அந்த இடத்துக்குள்ள சூடு ஏத்தினா, கதிர் இன்னும் நல்லா வேலை செய்யும்னு சில டாக்டருங்க நினைக்கிறாங்க. முடிவா யாரும் சொல்லல. நோயாளிகிட்ட ஒளிக்காமச் சொல்லிட்டு, ஜாக்கிரதையாச் செஞ்சு பார்ப்போம். நீ கூட இருப்பியா?"

"சரிங்கம்மா" என்றேன். ஆனால் உள்ளுக்குள் திருவிழாவுக்குக் கிளம்புகிறவன் மாதிரி இருந்தது. ஐந்தாம் வகுப்பு படித்த என்னிடம், யாருக்கும் முடிவாகத் தெரியாத ஒன்றைச் செய்து பார்ப்போமா என்று ஒரு டாக்டர் கேட்கிறார்! அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சைக்கிளை எப்படி மிதித்தேன் என்றே தெரியாது.

அந்த மெஷினைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ரெண்டு தகடு, நடுவில் மனுஷன். தகடு உடம்பில் படாது. இடையில் கம்பளித் துண்டுகளை அடுக்குவோம். மின்சாரம் ஓடினால் உடம்புக்குள்ளேயே சூடு பிறக்கும். உள்ளே எவ்வளவு சூடு என்று காட்ட நம்மிடம் கருவி கிடையாது. ஊசி காட்டுவது மெஷினின் வேகத்தை. சூட்டைச் சொல்ல வேண்டியது படுத்திருப்பவருடைய வாய். "இதமா இருக்குன்னு சொன்னாச் சரி. சுடுதுன்னு சொன்ன அடுத்த நொடி சுவிட்சு உன் கையில" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சூடு முடிந்த கையோடு நோயாளியைப் பக்கத்து அறை மேஜையில் படுக்க வைக்க வேண்டும். ஆறுவதற்குள் கதிர்.

முதல் ஆளாக வந்தவர் பேகம்பூர் இஸ்மாயில் பாய்.

வாசலில் ஜட்கா வந்து நின்றது. உள்ளே ஒரு பெரியவர் பின்பக்கம் பார்த்து முழங்காலில் நின்றபடி, ரெண்டு கையாலும் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்ட்ரெச்சரோடு நின்று பார்த்தேன்.

"என்ன அப்பு பார்க்குற? உக்கார முடிஞ்சா உக்கார மாட்டேனா? குதிரை வேற எம் பொழப்பத் தெரிஞ்சுக்கிட்டு குதிச்சுக் குதிச்சு வருது. கையக் குடு."

இடுப்பு எலும்பில் புற்று. எங்கேயோ தொடங்கி அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. உட்கார முடியாது, மல்லாந்து படுக்க முடியாது, பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவும் முடியாது. அவர் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரி. முப்பது வருஷமாக நம் ஊரில் எந்த முஸ்லிம் வீட்டு விசேஷம் என்றாலும் தேக்சா என்கிற பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் அவர்தான் நிற்பார்.

டாக்டரம்மா அவரிடம் சுற்றி வளைக்கவில்லை. "பாய், நோயை என்னால எடுக்க முடியாது. வலியக் குறைக்கப் பார்க்கிறேன். இதுவும் புது முறை. பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம்."

"வலிய எடுங்கம்மா, போதும். நோய நான் பார்த்துக்கிறேன்" என்றார் பாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எம் மக ஜைனபுக்கு வார மாசம் நிக்காஹ். ஊர்ல அம்புட்டு பேரு வீட்டுக் கல்யாணத்துக்கும் தம்மு ஒடைச்சது இந்தக் கை. எம் மக கல்யாணத்துல இன்னொருத்தன் வந்து மூடியத் தொறந்தா, நான் பாத்துக்கிட்டு மூலையில படுத்துக் கெடக்கணுமா? அந்த ஒரு நா அடுப்புகிட்ட நிக்கணும்மா. அதுக்கப்புறம் நீங்க எங்க படுக்கச் சொன்னாலும் படுத்துக்கிறேன்."

டாக்டரம்மா நாள்காட்டியைப் பார்த்தார். மூன்று வாரமும் சில நாளும் இருந்தன.

மறுநாளே தொடங்கினோம், ஒருநாள் விட்டு ஒருநாள். தாயத்து, மோதிரம், எந்த உலோகமும் உடம்பில் இருக்கக் கூடாது. பாய் தாயத்தை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டார். "பத்திரம். தர்காவுல ஓதிக் கட்டுனது." நான் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டினேன். ஒருக்களித்துப் படுத்தவருக்கு வயிற்றுப் பக்கம் ஒரு தகடு, முதுகுப் பக்கம் ஒரு தகடு. மெஷின் உறுமியது. பாய் ரெண்டு தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"ஏலே, அந்தப் பக்கமும் தணலு, இந்தப் பக்கமும் தணலு, நடுவுல நானு. என்னையத் தம்மு போடுறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம் போடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும்தானே? பாதி வெந்த அரிசியும் கறியும் தேக்சாவில் சேர்ந்ததும் மூடியை மாவால் ஒட்டி, அடியில் கொஞ்சம் தணல், மூடி மேலே கொஞ்சம் தணல். அவ்வளவுதான், உள்ளே தானாக வேகும்.

"சீரகச் சம்பாவக் காணோம், எலுமிச்சம்பழத்தக் காணோம், வெறும் கெழட்டுக் கறியப் போட்டு மூடி வச்சிருக்கீங்க" என்று கதவுப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். உள்ளே வந்துகொண்டிருந்த டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். அந்த அறையில் அதற்கு முன் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

முதல் மூன்று தடவை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நாலாம் தடவை அன்று காலை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். ஜட்கா வாசலிலேயே நின்றது. பாய் கம்பை ஊன்றிக்கொண்டு, வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு என்று நடந்தே வருகிறார்! படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "மல்லாந்து படுத்தேன்லே! முகட்டுல எத்தனை ஓடு ஒடஞ்சிருக்குன்னு இப்பத்தான் பார்த்தேன்" என்றார். நான் ஓடினேன். வெளிநோயாளிகள் கூட்டத்துக்கு நடுவில் புகுந்து, "அம்மா, பாய் நடந்து வாராரு! நடந்து வாராரும்மா!" என்று கத்தினேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டாக்டரம்மா பேனாவை மூடாமலே எழுந்து வந்துவிட்டார்.

தம்பிகளே, நாம் செய்தது பலிக்கிறது என்று கண்ணால் பார்க்கிற நாள்தான் ரொம்ப ஆபத்தான நாள். அன்றையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தச் சூட்டுக்கே இவ்வளவு என்றால், இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன ஆகும்? கல்யாணத்துக்கு ஓடியே போய்விடுவாரே! இப்படித்தான் புத்தி போனது.

ஆறாவது தடவை. வழக்கமாகப் பத்து மணிக்குத் தொடங்குவோம். அன்றைக்கு ஒரு பிரசவம் சிக்கலாகி டாக்டரம்மாவை ஆபரேஷன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பதினொன்றரை தாண்டிச் சொல்லி அனுப்பினார்: "நீ சூட்டை ஆரம்பி. முடியுற நேரத்துக்கு வந்து நான் கதிர் கொடுக்கிறேன்."

ஆரம்பித்தேன். பக்கத்து நூல் மில் ஓடுகிற நேரத்தில் நம் ஆஸ்பத்திரியில் கரண்டு குறைந்துவிடும், உங்களுக்குத் தெரியும். ஊசி சோம்பேறியாக நின்றது. குமிழைக் கடைசி வரை திருப்பியும் மேலே வரவில்லை.

"என்ன அப்பு, இன்னிக்கு அடுப்பே பத்தல?" என்றார் பாய். "குளிருது. கம்பளியப் போத்தி விட்டுட்டு வேடிக்கை பாக்குற. அந்தக் கம்பளில ஒண்ண எடுறா."

"டாக்டரம்மா அடுக்கச் சொன்ன அளவு பாய்."

"அவுக வார நேரம் ஆச்சு. சூடு ஏறாமக் கதிரக் குடுத்து என்ன பிரயோசனம்? பன்னெண்டு நாளுதான் இருக்கு. எடு."

எடுத்தேன். முதுகுப் பக்கத்துக் கம்பளியில் ஒன்றை உருவினேன். தகடு உடம்புக்குக் கிட்டே வந்தது. "ஆங், இப்பத்தான் அடுப்பு" என்றார். எனக்கும் திருப்தி. அவர் கன்னிவாடிக் கல்யாணத்துக் கதையைத் தொடங்கினார். அடுப்பு மூட்டியதும் மழை பிடித்துக்கொண்டதாம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கட்டிலைத் தூக்கித் தேக்சாவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்களாம். நான் ஊசியைப் பார்க்க வேண்டியவன், கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மில்லில் மதியச் சங்கு ஊதியது.

மில் நின்றால் கரண்டு குதித்து மேலே ஏறும். உடனே குமிழைக் குறைக்க வேண்டும். அதற்காகத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். நான் சங்கைக் கேட்டேன். கேட்டும், கட்டிலை யார் பிடித்தது என்ற இடத்திலேயே என் காது இருந்தது. கதை நின்றுவிட்டது. பாய் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"பாய், சுடுதா?"

"இல்லயே."

மேல் உதட்டில் வேர்வை. நான் கீழே பார்த்தேன். வலது கால் கட்டைவிரல், பக்கத்து விரல்மேல் ஏறி, நகம் வெளுக்கும்படி இறுக்கிக்கொண்டு இருந்தது.

சுவிட்சைத் தட்டினேன். தகட்டைத் தள்ளினேன். இடுப்புக்குப் பின்னால், கதிருக்காக டாக்டரம்மா மையால் கட்டம் போட்டிருந்த இடத்துக்குள்ளேயே, காலணா அளவுக்கு ஒரு தடிப்பு. ஓரத்தில் மினுமினுவென்று கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

"ஏன் பாய் சொல்லல?"

"அந்தம்மாகிட்டச் சொல்லாத" என்றார்.

"பாய்..."

"சொன்னா நிப்பாட்டிருவாக. பன்னெண்டு நாளுதாண்டா. சூடு வச்சா செவக்கத்தான செய்யும்? எங் கருப்புத் தோலுல அவுகளுக்கு என்ன தெரியப் போகுது? கேட்டா வேர்க்குருன்னு சொல்லிரு. எம் மகள நெனச்சுக்க அப்பு." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் கெஞ்சல் இருந்தது.

அவர் சொன்னது உண்மைதான். சூடு கொடுத்த இடம் சிவப்பது வழக்கம். அவசரத்தில் வருகிற டாக்டரம்மா மைக் கட்டத்தைத்தான் பார்ப்பார். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. கம்பளியை உருவியது நான். சங்கு ஊதியும் குமிழைத் தொடாதது நான். மறைத்தால் என் வேலையும் பிழைக்கும், அவர் ஆசையும் நிறைவேறும் என்று தோன்றியது. சொன்னால் ரெண்டும் போகும். வெந்த தோல்மேல் கதிர் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது.

வராந்தாவில் செருப்புச் சத்தம். டாக்டரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சூடு ஆறிக்கொண்டிருந்தது. "ரெடியா?"

இத்தனை வருஷத்தில் அவர் கேட்ட எதற்கும் என் பதில் ஒன்றே. "சரிங்கம்மா" நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"இல்லம்மா" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். நான் சொன்ன முதல் "இல்லை" அது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கம்பளி, சங்கு, கட்டில், கொப்புளம், எல்லாவற்றையும் வரிசை தப்பித் தப்பிச் சொன்னேன். அவர் குனிந்து, விரலின் பின்பக்கத்தால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் முன்பக்கம் வந்து பாயின் முகத்துக்கு நேரே நின்றார்.

"சுட்டுச்சா இல்லையா?"

"சுட்டுச்சும்மா."

"ஏன் சொல்லல?"

"முப்பது வருஷமா அடுப்புகிட்ட நிக்குறவம்மா நான். சுடுதுன்னு எப்படிச் சொல்லுவேன்?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "சொன்னா நிப்பாட்டிருவீகன்னும் பயம்" என்றார்.

"நான் இதைப் பார்க்காம இன்னிக்குக் கதிரக் கொடுத்திருந்தா, அது ஆறாத புண்ணாப் போயிருக்கும். உங்க மக கல்யாணத்தன்னிக்கு நீங்க குப்புறப் படுத்திருப்பீங்க." சொல்லிக்கொண்டே கொப்புளத்தின்மேல் ஒரு ஈரத் துணியை வைத்தார். "நாலு நாளைக்கு எதுவும் வேண்டாம். மருந்து போட மட்டும் வாங்க."

பாய் எழுந்து சட்டையை மாட்டினார். என்னிடம் கை நீட்டினார். தாயத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "என் வாயில மண்ணப் போட்டுட்டியே அப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாலு நாளும் மருந்து போட வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. வலி பழையபடி திரும்பிவிடுமோ என்று நான் அவர் நடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கம்பை முன்னைவிட அழுத்தி ஊன்றுகிறாரா? இல்லை, அப்படியேதான் இருக்கிறதா? இப்படியே நாலு நாள்.

இனி, எனக்குக் கிடைத்த தண்டனையைச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு போனேன். "வேட்டிய ஒதுக்கிட்டு அந்தப் பலகையில உட்காரு" என்றார். என் தொடைக்கு ரெண்டு பக்கமும் தகடுகளை வைத்து, தானே குமிழைத் திருப்பினார். வெயிலில் கிடந்த கல்லில் உட்கார்ந்தது போல மெதுவாகச் சூடு வந்தது.

"சுடுதா?"

"இல்லிங்கம்மா."

கொஞ்சம் திருப்பினார். "இப்போ?"

"பரவாயில்லிங்கம்மா."

இன்னும் கொஞ்சம். உள்ளே ஊசி ஊசியாகக் குத்தியது. "இப்போ?"

"பரவாயில்..." என்று தொடங்கியபோதே அவர் மெஷினை நிறுத்திவிட்டார். என் காலைக் காட்டினார். என் கட்டைவிரலும் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகைக்கு நடுவில்தான் அந்த யோசனையும் வந்தது. பாய் அடுப்புக்காரர், வீம்புக்காக மறைத்தார் என்று நினைத்திருந்தேன். எனக்கு என்ன வீம்பு? ஒரு டாக்டர் முன்னால் "சுடுது" என்று சொல்வது அவரைக் குறை சொல்வது போல இருந்தது, வாய் வரவில்லை. நம் ஊரில் எத்தனை பேர் இப்படி! தலை வெடித்தாலும் "பரவாயில்லிங்க" என்பார்கள். கேள்வியே தப்பு!

"அம்மா," என்றேன். "சுடுதான்னு கேக்க வேணாம்மா. பாய்கிட்ட அவரு அடுப்புல எத்தனை சூடு உண்டுன்னு கேப்போம். அதுல இது எந்தச் சூடுன்னு கேப்போம். அதச் சொன்னா அவருக்குக் கேவலம் இல்ல. அது தொழிலு."

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்க வச்சிருந்த?" என்றார்.

ஐந்தாம் நாள் பாய் வந்தார். புண் காய்ந்திருந்தது. டாக்டரம்மா தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "பாய், ஒரு சந்தேகம். தம் போடுறப்போ தணலை எப்படி வைப்பீங்க?"

பாயின் முகம் அப்போதுதான் நிமிர்ந்தது. "தணலு ஒட்டி இருக்கக் கூடாதும்மா. கிட்ட இருந்தா அடி கருகும், நடு வேகாது. தள்ளி வச்சு, மெதுவா, பொறுமையா விட்டாத்தான் உள்ள வரைக்கும் ஒரே சூடு போகும்."

"இதைத்தான் எங்க புஸ்தகத்துல நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் ரெண்டு கம்பளி வைத்துத் தகடுகளைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். கதிரை இனிமேல் புண்படாத முன்பக்கமாகக் கொடுப்பது என்று முடிவு. பிறகு என்னைப் பார்த்தார், நீயே கேள் என்பது போல.

"பாய், அடுப்புல எத்தனை சூடு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நாலு நாளைக்கு அப்புறம். "மூணு. அரிசி போடுற சூடு, தம்மு சூடு, அடிபிடிக்கிற சூடு. எதுக்கு?"

"எனக்குத் தம்மு சூடு வேணும். வந்ததும் சொல்லணும். தாண்டினாலும் சொல்லணும். எனக்கு அடுப்பு தெரியாது. நீங்கதான் இங்க பண்டாரி."

அவர் தாயத்தை அவிழ்த்தார். என் உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டார்.

அடடா, கல்யாணத்துக்கு முன்னால் மிச்சமிருந்த அந்த நாலு தடவையும்! அதிகாரமாகப் படுத்துக்கொண்டு உத்தரவு போடுவார். "ம்... அரிசி போடுற சூடு. போகட்டும், போகட்டும். இப்ப வருது... வந்துருச்சு, தம்மு சூடு, அப்படியே நிறுத்து. ஏலே, ஏறுது, அடிபிடிக்கப் போகுது, தணலக் கொறடா!" நான் குறைப்பேன். ஒரு தடவை ஊசி அசைவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். நானும் அவர் வாயை மட்டும் நம்பவில்லை. ஒரு கண் ஊசியில், ஒரு கண் கட்டைவிரலில். அது ஆடாமல் அசையாமல் சாதுவாக இருந்தது.

அதற்கப்புறம் வந்தவர்களிடமும் இதையேதான் செய்தேன். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவருக்குச் சாயத் தொட்டித் தண்ணீரின் சூடு. நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா வெல்லம் காய்ச்சுகிறவர். "ஏனுங்க, பாகு கம்பிப் பதம் வந்துருச்சுங்க, போதுமுங்க" என்பார். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு சூடு இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சுவிட்சைத் தொடுங்கள். தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை நீங்களும் அந்தத் தகடுகளுக்கு நடுவில் உட்காருங்கள். கம்பளியை மட்டும், யார் கெஞ்சினாலும், உருவாதீர்கள். எல்லாருக்கும் இது பலிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சிலருக்கு வலி குறைந்தது, சிலருக்குக் குறையவில்லை. சூடுதான் காரணமா, கதிர் மட்டுமே போதுமா என்று டாக்டரம்மா இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பாய் மாசியில் மௌத்தானார். கல்யாணம் முடிந்து ஐந்து மாதம். நோயை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், முடிந்தவரை பார்த்துக்கொண்டார். கடைசி ரெண்டு வாரம் தவிர மல்லாந்துதான் படுத்தார் என்று அவர் மகள் ஜைனப் வந்து சொன்னாள். இதை முன்னாலேயே எழுதிவிட்டேன். கடைசியில் எழுதினால் இந்தக் காகிதம் அழுகையில் முடியும். எனக்கு அது இஷ்டமில்லை. கல்யாணத்தில் முடிக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு வர முடியவில்லை. என்னை அனுப்பினார். நான் பந்தலுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடியே நின்றேன். கடைசிப் பந்தியில் ஒரு ஓரமாகச் சாப்பிட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று திட்டம். பின்பக்கம் அடுப்படியில் கூட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். கம்பு சுவரில் சாய்ந்து கிடந்தது. இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தேக்சாவுக்கு முன்னால் பாய் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து நிற்கிறாராம். நடுநடுவே முக்காலியில் உட்கார்ந்தாராம். உட்கார்ந்தார்!

என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, அங்க என்ன திருடன் மாதிரி நிக்குற? இங்க வா!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். மாப்பிள்ளை வீட்டார், பாயின் கூட்டாளிகள், எச்சில் ஊற நிற்கிற ஊர்க்காரர்கள். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரோ சைக்கிளை வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. மூடி மேலே தணல் பூத்துக்கொண்டிருந்தது.

"இவன்தான் என்னையத் தம்மு போட்டவன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். அன்றைக்குப் பிடித்த அதே இடம். என் உள்ளங்கையைத் தணலுக்கு மேலே கொண்டுபோனார். "சொல்லு. எந்தச் சூடு?"

பரவாயில்லை பாய் என்றுதான் வாயில் வந்தது. விழுங்கினேன். கையை அங்கேயே வைத்து, நிதானமாகப் பார்த்தேன்.

"தம்மு சூடு, பாய்."

"கேக்கல. மாப்பிள்ளை வீட்டாளுக வந்திருக்காக."

"தம்மு சூடு!" என்று கத்தினேன்.

பாய் கரண்டியால் தணலை ஒதுக்கினார். மாவை நாலு பக்கமும் தட்டி உடைத்தார். யாரோ உதவிக்கு வந்த கையைத் தோளால் தள்ளிவிட்டு, ரெண்டு கையாலும் மூடியைத் தூக்கினார்.

சௌமிய வருஷம், புரட்டாசி ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தாடிக்கொம்பு.